திரையில் வராத மரியதாஸ்

கால் டாக்ஸி ஓட்டுபவனுக்கு எதிரில் இரண்டு திரைகள்: ஒன்று எங்கே போக வேண்டும் என்று உத்தரவு போடும், இன்னொன்று எதைக் கேட்கலாம் என்று உத்தரவு போடும். இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஃபோனை வண்டியோடு இணைத்தால் அதிலுள்ள பாட்டுப் பட்டியல் வண்டித் திரையில் வரும். அகர வரிசையில் கொஞ்சம் பெயர்களைக் காட்டிவிட்டு, இதற்கு மேல் காட்ட முடியாது என்று நின்றுவிடும். ஓடும்போது அப்படி இருந்தால் நியாயம். ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகும் அதே பதில்தான். ஸ்டியரிங் பிடிக்கிற சகோதரர்களுக்கு இந்தக் கொடுமை தெரியும். இதைச் சாக்காக வைத்து ஒரு மனிதனுக்கு அவன் பாட்டைப் போடாமல் இழுத்தடித்தேன் என்பது மட்டும் தெரியாது.

எல்லாரும் தோழர்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டினால் எங்களுக்கு விடுதலை கிடையாது. அப்படி நின்ற ஒரு பகலில், வண்ணாரப்பேட்டை ஜவுளி வியாபாரி ஒரு பாய், பழைய சினிமாப் பாட்டு ஒன்று கேட்டார். திரையைத் தட்டினேன். என் ஃபோனில் பெரும்பாலும் இருப்பது சினிமா அல்ல. விம்கோ நகர்ப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த ஆலையின் கேட் மீட்டிங் பேச்சுகளும் பாட்டுகளும். பழைய கேசட்டுகளிலிருந்து என் மகள் ஏற்றித் தந்தவை. ஒருவர் உசத்தி, ஒருவர் மட்டம் என்று இருக்கக் கூடாதென, பேசியவர், பாடியவர் எல்லார் பெயருக்கும் முன்னால் 'தோழர்' போடச் சொன்னவன் நான்.

விளைவு, திரை முழுக்கத் தோழர்கள். அவர்களைத் தாண்டுவதற்குள் பட்டியல் நின்றுவிட்டது. நின்ற வண்டிதானே என்று ஃபோனையே கையில் எடுத்துத் தேடி, அவர் பாட்டைப் போட்டேன். ஒரு நிமிஷ வேலை. பாய் முன்னால் சாய்ந்து பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா அண்ணே, எல்லாம் ஒரே பேச்சா கீது? உங்க யூனியன்ல பாட்டுக்காரன் ஒர்த்தன் கூடவா இல்ல?"

கரண்ட் வைக்கப் போகிறவன்

இருந்தான். அடுத்த வாரம் ராயபுரத்தில் ஒரு பெண் புக் செய்த சவாரியில், அவளுடைய அப்பாவாக வந்து ஏறினான். மரியதாஸ். எங்கள் வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போனபோது, மனைவி பிரசவத்துக்குப் படுத்திருக்கிறாள் என்று சொல்லி வேலைக்குத் திரும்பியவன். மறுநாள் நான் கேட்டில் மைக்கைப் பிடித்து, "இனி இந்தக் கருங்காலியைத் தோழர் என்று எவனும் கூப்பிடக் கூடாது" என்று முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது. பிறகு ஆலையை இழுத்து மூடினார்கள். கருங்காலியும் தெருவில், நானும் தெருவில்.

இப்போது அவனுக்குத் தொண்டையில் கட்டி. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்கிறான். பேச்சு உப்புத்தாளில் தேய்த்த மாதிரி வருகிறது. பாட்டு அறவே வராது. அவன் மகள் என்னையே தினமும் வரச் சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும், "எம் பாட்டு கேசட்டு உன்னாண்ட தானே கீது? ஒரு தபா போடேன், என் கொரலு எப்டி இர்ந்துச்சுன்னு கேக்கணும்" என்றான்.

திரையைத் தட்டிக் காட்டினேன். "பார் தாஸு, இதுக்கு மேல காட்ட மாட்டேங்குது." பாய்க்குச் செய்ததுபோல் ஃபோனை எடுத்திருக்கலாம். எடுத்தால் அவனும் எட்டிப் பார்ப்பான். வரிசையாகத் தோழர்கள்; அவர்களுக்கெல்லாம் கீழே, மொட்டையாக, 'மரியதாஸ்'. கேசட்டை ஏற்றிய அன்றும் நான் மறக்கவில்லை; அவனுக்கு மட்டும் தோழர் வேண்டாம் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அவன் திரையைப் பார்த்துச் சிரித்தான்: "வண்டி நின்னுகினு தானே கீது நைனா, அதுக்கு இன்னா பயம்?"

மூன்று பிரதி மனு

பழக்கம் விடுமா? கண்டனத்துக்குரிய இந்தக் கட்டுப்பாட்டை நீக்கக் கோரி மனு எழுதி, மூன்று பிரதி எடுத்து, வண்டி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். உள்ளுக்குள் எனக்கே தெரியும், மனு நிலுவையில் இருக்கும்வரை தாஸிடம் சொல்ல ஒரு பதில் இருக்கும். அங்கே டை கட்டிய ஒரு தம்பி பொறுமையாகப் படித்தான். மேலிருந்து வரும் விதி, காரணம் தனக்கும் தெரியாது என்றான். ஆயுள் முழுக்க மேனேஜர்களிடம் கேட்ட அதே பதில். கொதித்து எழுந்தேன். அவன் குழம்பிப்போய்க் கேட்டான்: "நின்ன வண்டியில ஃபோனையே எடுத்துப் பாத்துக்கலாமே சார், அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

நம்பர் ஒன்று

என் மகளிடம் கேட்டேன். பெயருக்கு முன்னால் ஒன்று என்று எண் போட்டால் உச்சிக்கு வந்துவிடும் என்றாள். எங்கள் யூனியனில் நம்பர் ஒன்று என்று யாரும் கிடையாது, அது கொள்கை என்றேன். சரி, தோழர் போடட்டுமா என்றாள். ஃபோனை அவள் பக்கமே தள்ளிவிட்டேன். இதற்குள் தாஸின் கரண்ட் முடிய இரண்டே நாள் பாக்கி. அவள் ஃபோனை என் மடியில் வைத்தாள்: "அவர் உன்னாண்ட மன்னிப்பா கேட்டாரு? பாட்டத்தானேப்பா கேட்டாரு?"

இரண்டையும் போடச் சொன்னேன்.

கண்ணாடி ஏற்றிய வண்டி

கடைசி நாள் ஆஸ்பத்திரி வாசலில் ஏ.சி.யைப் போட்டு, கண்ணாடியை ஏற்றித் திரையைக் காட்டினேன். முதல் வரியிலேயே இருந்தது: '1 தோழர் மரியதாஸ்'. பாட்டு வந்தது. கேசட் இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல், ஆலைச் சங்கையே அடக்கிய குரல். தொண்டையைக் கையால் பிடித்தபடி கடைசி வரை கேட்டான். முடிந்ததும் நான், "பேரைப் பார்த்தியா தாஸு?" என்றேன்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கதவைத் திறந்துகொண்டே, மெதுவாகத்தான் சொன்னான்: "பாத்தேன் நைனா. கேட்டாண்ட மைக்கு வச்சி, அத்தினி பேரு முன்னாடி புடுங்கின. இப்ப கண்ணாடிய ஏத்திகினு, யார்க்கும் தெரியாம குடுக்குறியா?"

கேட் இல்லை, ஆலை இல்லை, அன்றைக்குக் கைதட்டியவர்களில் பாதிப் பேர் இல்லை. மைக் செட் மட்டும் இன்றைக்கும் வாடகைக்குக் கிடைக்கிறது.