பெர்குரின் பெயரும் சேர்த்து

எங்கள் கரையில் யார் இறந்தாலும் முதலில் பாதிரியாருக்குச் சொல்வார்கள், அடுத்து ஸ்டெய்ன்வோருக்கு. அடக்கத்தன்று தலைநகர் ரெய்க்யாவிக்கின் செய்தித்தாளில் நினைவுக் கட்டுரை வந்தாக வேண்டும். எழுத வராதவர்களுக்கு அவள்தான் எழுதித் தருவாள். மீன் ஆலையில் என் பக்கத்தில் நின்று நாற்பது வருடமாக மீன் அறுப்பவள். இந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்றால் ஹெர்தீஸ் டீச்சரைச் சொல்வாள். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

ஊருக்கே ஒற்றை அறைப் பள்ளி. அவளுக்குப் பதினொரு வயதில், நீ எழுதுவதை நாலு பேர் படிப்பார்கள் என்று ஹெர்தீஸ் சொன்னாராம். புருஷன் கடலோடு போன பிறகும் அந்த ஒரு சொல்தான் அவளைத் தூக்கி நிறுத்தியது.

போன மார்ச்சில், தொண்ணூற்றொரு வயதில், ஹெர்தீஸ் இறந்தார். ஸ்டெய்ன்வோர் இரண்டு நாள் விடுப்பு எடுத்து எழுதினாள். கல்நெஞ்சக்காரி நானே அழுதேன். 'எங்கள் இருவரையும் மனிதர்களாக்கினீர்கள்' என்று முடித்து, தன் பெயரோடு தம்பி பெர்குரின் பெயரையும் போட்டாள். அப்பா, அம்மா இறந்தபோதும் அப்படித்தான் போட்டாள். அவனைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

படகு எஞ்சின் பழுது பார்க்கும் பெர்குர் அதிகம் பேசமாட்டான். அடக்கத்துக்கு வரவில்லை. அன்று சாயங்காலம் நானும் அவளும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பேப்பரோடு வந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"என் பேரை ஏன்க்கா போட்ட?"

"உனக்கும் டீச்சர்தானேடா?"

"எனக்குப் படிக்க வராதுன்னு தெரிஞ்சும் தினம் வகுப்புல எழுந்து நிக்க வெச்சு வாசிக்கச் சொல்லும் அந்தம்மா. நான் திணறுவேன், எல்லாரும் சிரிப்பீங்க. நீயும்தான்."

தனக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்றாள். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மறந்திருந்தாள். அதே அறையில் படித்த எனக்கு நன்றாக நினைவிருந்தது. வாயைத் திறக்கவில்லை.

"இதைப் படிச்சு முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. நீ சிரிச்சது போகட்டும்க்கா, சின்ன வயசு. இப்ப அந்தம்மாவுக்கு நான் நன்றி சொன்ன மாதிரி ஆக்கிட்டியே."

பேப்பரை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு அக்கா வீட்டுப் படி ஏறவில்லை.

ஸ்டெய்ன்வோர் எழுதுவதை விட்டுவிட்டாள். வந்து கேட்டவர்களிடம் கை வரவில்லை என்றாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஒரு நாள் ஆலையில், தலை நிமிராமல் கேட்டாள்.

"நான் நெசமாவே சிரிச்சேனா?"

"சிரிச்ச. நானும் சிரிச்சேன்."

"டீச்சர்?"

இதற்கு மேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அவங்கதான் மொதல்ல சிரிப்பாங்க," என்றேன்.