போர்வைக்குள் அவர் சொன்னது

அன்று பகல் பதினொரு மணிக்கே என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து திரும்பி வந்துவிட்டார். மரக்காணம் உப்பளத்தில் சாயங்காலம் வரை ஆள் தேவைப்படுகிற வெயில் காலம் அது. காலில் செருப்பு இல்லை. முழங்கால் வரை உப்புச் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

கட்டிலில் போய் உட்கார்ந்தார். அந்த வெயிலில் பல் அடித்துக்கொள்கிற அளவுக்கு உடம்பு நடுங்கியது.

கொஞ்ச நேரத்தில் தெருவுக்கே சேதி வந்துவிட்டது. உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் கரண்ட் அடித்து, அவரோடு வேலை பார்த்தவர் இறந்துவிட்டார். பெருமுக்கலிலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர். பத்து வருஷப் பழக்கம். நோன்பு மாதத்தில் இவர் கண்ணில் படாமல் வரப்பைத் தாண்டிப் போய்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாராம்.

சாவுக்கு இவர் போகவில்லை. அடுத்த நாளும் எழுந்திருக்கவில்லை. நான் ஃபேன் போடப் போனால் "தொடாத, தொடாத" என்று பதறினார். மூன்று நாள் ஃபேன் இல்லாமல், மிக்ஸி இல்லாமல் கிடந்தோம். காற்று இந்தப் பக்கம் திரும்பி உப்பளத்து மோட்டார் சத்தத்தைக் கொண்டு வந்தால் காதைப் பொத்திக்கொள்வார்.

எனக்கு வேறு பயம். அவர் குளிக்கப் போய்க் கொஞ்ச நேரமானாலும் கதவைத் தட்டுவேன். பரணில் இருந்த எலி மருந்தை எடுத்துக் குழிதோண்டிப் புதைத்தேன். அவர் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன்.

துபாயிலிருந்து அவருடைய அண்ணன் பேசினார். ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு.

"ஆம்பள இப்படியா பயப்படுவான்? எதையோ பார்த்து மிரண்டிருக்கான். பள்ளிவாசல்ல ஓதிப் பார்க்கச் சொல்லு. வெளியில சொல்லிடாத, மானம் போயிடும்."

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "அண்ணன் சொல்றது சரிதான். அல்லாஹ் மேல ஈமான் இருக்கிறவன் இப்படி நடுங்க மாட்டான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பாடம் ஞாபகம் வந்தது. கோட்டக்குப்பத்தில் சின்ன வயசில் மதரசாவில் படித்தது. நாயகத்துக்கு வானவர் கொண்டுவந்த இறைச்செய்தி, முதல் வஹீ, எங்கே இறங்கியது என்று கேட்பார்கள், ஹிரா குகை என்று ஒப்பிப்போம், மார்க் போடுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததும் பாடத்தில் இருந்தது. நபிகள் நாயகம் மலையிலிருந்து நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். என்னைப் போர்த்துங்கள் என்று மனைவியிடம் கேட்டார்கள். அந்த அம்மா முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் அடங்கிய பிறகுதான் பேச்சு. என் உயிருக்கே பயந்துவிட்டேன் என்று நாயகம் சொன்னபோது, உறவைச் சேர்த்து வாழ்கிறவர் நீங்கள், அடுத்தவர் பாரத்தைச் சுமக்கிறவர் நீங்கள், அல்லாஹ் உங்களைக் கைவிட மாட்டான் என்று தேற்றினார்கள். பிறகு, விவரம் தெரிந்த ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த அம்மாவும் பயந்தார்களா என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தோடே பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாயகமே நடுங்கியிருக்காங்க. அவங்களை யாரும் மானம் போச்சுன்னு சொல்லல. நீங்க நடுங்குங்க."

கம்பளிக்குள்ளேயிருந்து குரல் வந்தது.

"சுவிட்ச்சப் போட்டது நான்தான்."

அவரே மெதுவாகச் சொன்னார். கூட்டாளி ஈரத்தில் நின்று பைப்பைப் பிடித்துக்கொண்டு, போடுப்பா என்றாராம். இவர் போட்டாராம். ஒயர் எங்கோ தோல் உரிந்திருந்தது இரண்டு பேருக்கும் தெரியாது.

இவர் செய்த நல்லதையெல்லாம் சொன்னேன். புயலில் பக்கத்து வீட்டுக் கூரை போனபோது அவர்களைக் கூட்டி வந்து எட்டு நாள் வைத்திருந்ததைச் சொன்னேன். அந்தக் கூட்டாளிக்குக் காய்ச்சல் வந்தபோது அவருடைய பாத்தியிலும் சேர்த்து இவரே உப்பு வாரியதைச் சொன்னேன். அவர் அழுதார். நடந்து நான்கு நாளில் அப்போதுதான் அழுதார்.

மறுநாள் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு, மனநலம் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "இது பைத்தியம் இல்லைங்க, அதிர்ச்சி. கொஞ்ச நாள் மாத்திரை எடுக்கணும், வந்து பேசிட்டுப் போகணும்" என்றார்.

நாற்பதாம் நாள் வாக்கில் அவரே பெருமுக்கலுக்கு, கூட்டாளி வீட்டுக்குப் போகணும் என்றார். வழியெல்லாம் என் வாய் நாயகத்தின் பேரில் சலவாத் ஓதிக்கொண்டிருந்தது. கூட்டாளியின் மனைவி இவர் சட்டையைப் பிடித்தால் என்ன செய்வது?

அவர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "கடைசியா அவரு என்ன பேசினாரு?" என்று கேட்டாள்.

"போடுப்பான்னாரு. அதுக்கு முன்னாடி, பொண்ணு பரிட்சைல பாஸாயிட்டா, சாயங்காலம் சீக்கிரம் கிளம்பணும்னாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் எங்களை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

இப்போது அவர் மறுபடியும் உப்பளத்துக்குப் போகிறார். லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை மட்டும். மோட்டார் கொட்டகை பக்கம் போவதில்லை. மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். சாயங்காலம் அவர் சைக்கிள் தெருமுனையில் தெரிகிற வரைக்கும் எனக்கு எந்த வேலையும் ஓடாது.