வண்டித்தடத்துச் சுவர்

எழுபதுகளின் கடைசி. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஊரில் நான் வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை என் மாமனாரை எதிர்த்துப் பேசிய ஒருவரையும் நான் கண்டதில்லை.

நாங்கள் பயிர் வைக்கும் காட்டுக்கு அப்பால், கணவனை இழந்த ஒருத்திக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. அவள் வண்டி போக எங்கள் காட்டோரம் ஒரு தடம். மாமனார் அதன் குறுக்கே கல்சுவர் வைத்துவிட்டார். அவள் வழக்குப் போட்டு ஜெயித்தாள். சுவரை எடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தும் மாமனார் எடுக்கவில்லை. அவள் பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கைத் தலையில் சுமந்து, ஓடையைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போவாள்.

அவள் மறுபடி கோர்ட்டில் மனுப் போட்டாள். தீர்ப்பை நிறைவேற்ற அமீனா என்கிற கோர்ட் ஊழியர் வந்தார். போலீஸ்காரர் மாதிரி இருப்பார் என்று நினைத்திருந்தேன். பஸ்ஸில் வந்து இறங்கிய ஒல்லியான மனிதர், கக்கத்தில் ஒரு பை.

மாமனார் கட்டிலை விட்டு எழவில்லை. “எங்காட்டுல எவன் கைய வெக்கறான்னு பாக்கறேன். போய்யா.”

“தடுத்தீங்கன்னு எழுதிக்கறனுங்க. ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“போட முடியாது.”

“சரிங்க. அதையும் எழுதிக்கறனுங்க.”

குரல் உயரவே இல்லை. எழுதி முடித்துப் போய்விட்டார். 

அடுத்த மாதம் கோர்ட் உத்தரவோடு இரண்டு போலீஸ்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமனாருக்குப் பயந்து ஊரில் ஒரு கூலியாளும் சுவரைத் தொட வரவில்லை. அமீனா சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு, கடப்பாரையை அவரே எடுத்தார். அவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லைப் புரட்டினாள். மாமனார் பத்தடி தள்ளி நின்றார்.  தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் தடம் திறந்துவிட்டது.

பிறகு மாமனார் அந்தப் பக்கம் கல் வைக்கவில்லை. அவரும் அவளும் கடைசிவரை பேசிக்கொள்ளவும் இல்லை.

முதல் வண்டிக் கிழங்கு ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிக்குப் போன அன்று, வீட்டில் யாருக்கும் தெரியாமல் அவளிடம் கேட்டேன். “பயமா இல்லீங்களாக்கா?”

“இல்லாமயா சாமி? ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டு வாசல்ல காலு நடுங்கும். நடுங்கிக்கிட்டேதான் உள்ள போவேன்” என்றாள்.