நீலச் சட்டைக்காரர்களுக்கு நடுவே

ஒச்சம்மாளுக்குத் தன் கணவரின் முகம் வேண்டியிருந்தது. மகள் சங்கரிக்குத் தை மாதம் இருபத்தெட்டாம் தேதி கல்யாணம். அச்சடித்த பத்திரிகைகள் வந்து, கட்டுப் பிரிக்காமல் அலமாரி மேல் கிடந்தன. அவர்கள் வீட்டு வழக்கப்படி முதல் பத்திரிகை இறந்துபோன தகப்பனுக்கு. அவர் படத்துக்கு முன்னால் வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்து, மேலே பத்திரிகையை வைத்து அவரை அழைத்துவிட்டுத்தான் உயிரோடு இருப்பவர்களை அழைக்க வேண்டும். செல்லதுரை இறந்து பதினோரு வருடம் ஆகிறது. வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை.

ஒரு கல்யாணப் படம் இருந்தது. மட்டாஞ்சேரியில் கடல் ஏறும் நாட்களில் காயல் தண்ணீர் ஓடை வழியாக வீட்டுக்குள் வரும். அப்படி ஒரு காலையில் கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டி நனைந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது ஒச்சம்மாள் காகிதத்தோடு வந்தாள், செல்லதுரை கண்ணாடியோடு போய்விட்டார். வாக்காளர் அட்டையில் ஒரு கறுப்புத் தீற்றல் இருக்கிறது. அது செல்லதுரை என்று அட்டைதான் சொல்கிறது.

நான் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்றவள். செல்லதுரை முதுகெலும்பு நசுங்கிக் கிடந்த நான்கு மாதமும் தினம் காலையில் போய் அவரைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, புண்ணுக்கு மருந்து கட்டினேன். அந்தப் பழக்கத்தில்தான் ஒச்சம்மாள் என்னிடம் வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஓட்டலில் இருபது வருடமாகக் காய் நறுக்குகிறாள். நாளைக்கு எட்டுக் கிலோ வெங்காயம் உரிப்பவள். வேறு எதற்கும் அவள் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை.

"முகம் முழுசா வரமாட்டேங்குது அக்கா," என்றாள். "மூக்கு வந்தா வாய் போயிடுது. வாயப் பிடிச்சா கண்ணு போயிடுது."

பதினோரு வருடத்துக்குப் பிறகு அது சாதாரணம்தான் என்றேன். அவள் அதைக் கேட்க வரவில்லை.

"அவரப் படம் எடுக்காத வெள்ளக்காரன் உண்டா? ஜூ டவுன்ல யூதர் கோயிலப் பார்க்க வர்றவன் எல்லாம் அவரையும் வண்டியையும் எடுத்துட்டுத்தான் போனான். அந்தப் படமெல்லாம் எங்க போகும்? நெட்டுலதான கிடக்கும்? நீங்க ஃபோன்ல மருந்தெல்லாம் தேடுவீங்களே, இவரத் தேடிக் குடுங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. செல்லதுரை பஜார் ரோட்டில் கைவண்டி இழுத்தவர். மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்குப் போகும். அந்த வண்டியைப் படமெடுக்காமல் சுற்றுலாக்காரர்கள் யாரும் அந்தத் தெருவைக் கடந்ததில்லை.

என்னிடம் வருவதற்கு முன்பே வேறொரு முயற்சி நடந்திருந்தது. சங்கரியின் சிநேகிதி ஜிஷா மொபைல் கடையில் வேலை செய்கிறாள். பழைய படத்தைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு புதுசாக வரைந்து கொடுக்கும். இறந்தவர் நம் பக்கத்தில் வந்து நிற்பார், தோளில் கை போடுவார், பின்னால் ஒரு பாட்டு ஓடும். போன மாதம் முழுக்க எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜிஷா வாக்காளர் அட்டைத் தீற்றலைக் கொடுத்து ஒரு செல்லதுரையைச் செய்துகொண்டு வந்தாள்.

"பாருங்க அம்மா, அப்பா கை காட்டுது," என்றாளாம்.

ஒச்சம்மாள் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக் கையசைத்தார்.

"இது யாருடி, சீரியல்ல வர்ற டாக்டரா? அவரு யாருக்கும் கை காட்டினதில்ல. தலையத்தான் ஆட்டுவாரு." ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சங்கரிக்கு வருத்தம். அப்பா இறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த டாக்டர் முகமே போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டல் வேலை முடிந்து ஒச்சம்மாள் என் வீட்டுக்கு வருவாள். இரண்டு பேரும் சாயா போட்டுக்கொண்டு உட்காருவோம். முதல் வாரம் நான் செய்தது முட்டாள்தனம். அவர் பெயரைத் தட்டினேன். ஒரு வக்கீல் வந்தார், ஒரு பாத்திரக் கடை முதலாளி வந்தார், கபடி வீரர் ஒருவர் வந்தார். உலகத்தில் செல்லதுரைகளுக்குக் குறைவில்லை. பிறகு மட்டாஞ்சேரி என்று மலையாளத்தில் தட்டினேன். அரண்மனையும் பிரியாணியும் வந்தன. சமூக ஊடகங்களில் ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் சுவரோவியங்களுக்கு முன்னால் பெண்பிள்ளைகள் ஆடுகிறார்கள், அதே பாட்டு, அதே சுற்றல். அங்கே நேற்றையது மேலே நிற்கும், பழையது அடியில் போய்விடும். செல்லதுரை உயிரோடிருந்த வருடங்கள் அங்கே இல்லவே இல்லை.

இரண்டாவது வாரம்தான் எனக்கு உறைத்தது. படம் எடுத்தவனுக்கு அவர் பெயர் தெரியாது. அவன் தன் ஊருக்குப் போய் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பானோ அதை அல்லவா தட்ட வேண்டும்? 'கொச்சின், ஸ்பைஸ், போர்ட்டர்' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். படங்கள் மட்டும் என்று தேர்ந்தெடுத்து, காலத்தை 2004க்கும் 2013க்கும் நடுவில் கட்டினேன். வரிசை வரிசையாகப் பஜார் ரோடு வந்து விழுந்தது. ஒச்சம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"இது சுப்புராஜ் அண்ணன். இந்த வண்டி நம்மதில்ல, சக்கரம் வேற. இது யாரோ. நீலம் வந்தா தள்ளுங்க அக்கா, நேரம் போகுது."

நீலம் என்றால் நீலச் சட்டை. அந்தத் தெருவில் யூனியனில் கார்டு உள்ளவன்தான் மூட்டையைத் தூக்கலாம், அவனுக்குத்தான் நீலச் சட்டை. செல்லதுரைக்குக் கார்டு இல்லை. வண்டி இழுக்கலாம், மூட்டையைத் தொடக்கூடாது. அதோடு, 2007இல் குடலிறக்கத்துக்கு அறுவை செய்தபோது இனிப் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். தூக்கமாட்டேன் என்று ஒச்சம்மாள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார். ஆகவே நீலச் சட்டைக்காரர்களை எல்லாம் தள்ளிக்கொண்டே போனோம். அப்படித் தள்ளியது சில நூறாவது இருக்கும்.

மூன்றாவது ஞாயிறும் கிட்டத்தட்ட முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா வைட்டிலாவிலிருந்து ஃபோன் செய்தார், அவர்கள் பக்கம் கொடுக்கப் பத்திரிகை இன்னும் வரவில்லையே என்று. வருது, வருது என்று சொல்லிவிட்டு ஒச்சம்மாள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "இல்லாட்டி அந்த டாக்டர் படத்தையே வச்சிரலாமா அக்கா?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

நான்கு மாதம் அந்தக் கழுத்தைத் துடைத்தவள் நான். வண்டி இழுக்கிறவனுக்கு உள்ளங்கையில்தான் காய்ப்பு இருக்கும். செல்லதுரைக்குப் பிடரிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்து மேடிட்டிருந்தது. அது மூட்டை சுமக்கிறவன் கழுத்து. முதல் நாளே பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "அவகிட்ட வேண்டாம்," என்றார். நோயாளி சொல்ல வேண்டாம் என்றதை நான் சொல்வதில்லை. ஆனால் படம் தேட உட்கார்ந்த பிறகாவது அதை நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை, நானும் அவள் சொன்னபடியே நீலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"நீலத்தையும் பார்த்துருவோம்," என்றேன்.

"எதுக்கு?"

"பார்ப்போம்."

மேலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். பதினைந்து இருபது படம் போயிருக்கும். ஒரு கிடங்கு வாசல். நாலு பேர் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குனிந்து சுமக்கிறார்கள், முகமே தெரியவில்லை. ஐந்தாவது ஆள் அப்போதுதான் இறக்கிவைத்திருக்கிறார். நீலச் சட்டை. துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பல் இல்லை.

ஒச்சம்மாள் அவர் கன்னத்தில் விரலை வைத்தாள். படம் நகர்ந்துவிட்டது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"பெருசாக்குங்க."

பெரிதாக்கினேன். இன்னும் என்றாள். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. திரும்பவும் சின்னதாக்கச் சொன்னாள். நெடுநேரம் பார்த்தாள்.

"சட்டை யாருது?"

கழுத்தைப் பற்றிச் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நாலு மாசமா."

"நாலு மாசமும்."

ஆறிப்போன சாயாவை எடுத்துக் குடித்தாள். "நீங்களும் அவரு கட்சிதானா," என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி இன்றுவரை பேசவில்லை.

சட்டைப் பையின் மேல் ஒரு நம்பர் பட்டை இருந்தது. அது ராஜப்பனின் நம்பர் என்று அதே தெருவில் வேலை பார்த்த சுப்புராஜ் சொன்னார். ராஜப்பன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், எழுபத்தைந்து வயது. ஒச்சம்மாள் ஃபோனை அவர் முன்னால் நீட்டினாள்.

"எண்டெ ஷர்ட்டுதன்னே," என்றார் அவர். எங்களுக்காகத் தமிழைப் பொறுக்கிப் பேசினார். "எனக்கு மஞ்சக்காமாலை வந்து ஆறு மாசம் படுத்தேன். ரொம்ப நாள் வராட்டி லிஸ்ட்ல பேரு வெட்டும். செல்லதுரைதான் என் சட்டையப் போட்டு நின்னான். அப்புறம் வேற ஆளுங்களுக்கும் நின்னான். யாரு விளிச்சாலும் போவான். நான் வேண்டாம்னு பறஞ்சேன், கேட்டோ? கேக்கலை."

"உங்களுக்கு இந்தச் சட்டை ஒருநாளும் இப்படி நிக்கல," என்றாள் ஒச்சம்மாள்.

ராஜப்பன் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார்.

"இதுல சிரிக்கிறாரே சேட்டா. என்னத்துக்குச் சிரிச்சாரு?"

"நான் அங்க இல்லையே. படுத்தல்லோ கிடந்தேன்."

ஸ்டூடியோ வைத்திருக்கும் ரமேஷ்பாபு, கூட இருக்கும் நாலு பேரையும் வெட்டியெடுத்து, சட்டையை வெள்ளையாக்கி, வேண்டுமானால் கோட்டும் போட்டுத் தருவதாகச் சொன்னான். பல்லையும் வைத்துவிடலாமாம்.

"ஆளுங்கள மட்டும் எடுத்துரு தம்பி. மத்தது எதையும் தொடாத," என்றாள்.

புதன்கிழமை காலையில் படத்துக்கு முன்னால் பத்திரிகையை வைத்தார்கள். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். சங்கரிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மலையாளப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். அவள் படித்து முடித்ததும் ஒச்சம்மாள் படத்துக்கு நேரே வந்து நின்றாள். பிறகு, "என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினீரு," என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் திட்டினாள். சங்கரி அவள் கையைப் பிடித்தாள். "விடுடி. இவ்வளவு நாளா எந்த மூஞ்சியப் பார்த்துத் திட்டுறதுன்னு தெரியாம இருந்தேன்." திட்டி முடித்துவிட்டு, "கல்யாணத்துக்கு வந்துருங்க," என்று கும்பிட்டாள். அன்று சாயங்காலமே வைட்டிலாவுக்குப் பத்திரிகை போனது.

என்னைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒச்சம்மாள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வெள்ளக்காரனுக்கு எழுதிக் கேளுங்க அக்கா. எதுக்குச் சிரிச்சாருன்னு."

படத்துக்குக் கீழே எழுதுவதற்கு இடம் இருந்தது. எடுத்தவர் பெல்ஜியத்துக்காரர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். படத்தில் இருப்பவர் இன்னார், அவர் மனைவி கேட்கிறார் என்று நாலு வரி ஆங்கிலத்தில் எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. எதற்குச் சிரித்தார் என்று ஞாபகம் இல்லை, மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதே காலையில் அதே வாசலில் எடுத்து எங்கும் போடாத மூன்று படங்களை அனுப்பியிருந்தார்.

மூன்றிலும் செல்லதுரை இல்லை. ஒன்றில் கிடங்கின் கதவு. ஒன்றில் சுக்குப் பொறுக்கும் பெண்களின் கை. ஒன்றில் படிக்கட்டில் ஏறி நிற்கும் ஆடு, வாயில் ஒரு காகிதம்.

"இவர் இதுல இல்ல ஒச்சம்மா. பிரிண்ட் போட வேண்டாம்."

அவள் ஃபோனை என் கையிலிருந்து வாங்கி, ஆட்டுப் படத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இந்த ஆட்ட அவரு பார்த்திருப்பாருல்ல அக்கா?"

பத்தடிக்குள் நின்றவர். பார்த்திருப்பார் என்றேன்.

மூன்றையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.