தின்று காட்டும் ஹாசிம்

பாலாவிச் சந்தியில் வத்தகப்பழம் என்கிற தர்ப்பூசணி விற்கிற ஹாசிம் நானாவை யாரும் கட்டிப்போடவில்லை. தன் வாயாலேயே மாட்டிக்கொண்ட மனிதர் அவர். நாட்டில் சண்டை முடிந்து, கற்பிட்டிப் பக்கம் சுற்றுலா பஸ்கள் ஓடத் தொடங்கிய காலம். பழத்துக்குச் சாய ஊசி போடுகிறார்கள் என்று ஒரு கதை பரவி, சனம் வத்தகப்பழத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பியது. ஹாசிமுக்கு வந்ததே கோபம்! ஒரு பழத்தைப் பிளந்து, "இந்தா பாருங்க, நானே தின்னுறன்!" என்று கடித்தார். பின்னேரத்துக்குள் குவியல் முழுதும் தீர்ந்தது. அன்றிலிருந்து வெட்டுகிற ஒவ்வொரு பழத்திலும் முதல் துண்டு அவருக்கு.

பிறகு சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது. இடது காலின் பெருவிரலை எடுத்தார்கள். சீனி இறங்காவிட்டால் அடுத்தது பாதம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கிளினிக்கில் தாதி அல்பொன்சா மிஸ், "பழத்தை விடத் தேவையில்ல நானா. அரைக் கொய்யாப்பழம், அதோட கொஞ்சம் கச்சான் கடலை, பூசணி விதை. சீனி சட்டெண்டு ஏறாது," என்றாள். ஹாசிம் சொன்னபடி செய்தார். மனைவி றைஸா வறுத்துக் கொடுத்த விதை டின் எந்நேரமும் பக்கத்தில் இருக்கும். சீனியோ இறங்கவேயில்லை.

"களவாத் தின்னுறீங்க!" என்று மிஸ் சீறினாள்.

"வல்லாஹி இல்ல மிஸ்!" மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், பொய் சொல்லவில்லை. வியாபாரத்துக்குக் கடிப்பதை அவர் ஒருநாளும் தின்றதாக எண்ணியதே இல்லை.

நோன்பு மாதம் வந்தது. பகலில் அவர் தின்று காட்டவில்லை, வியாபாரம் பாதியாகியது. மாதக் கடைசியில் கிளினிக்குக்குப் போனால், சீனி நன்றாக இறங்கியிருந்தது.

"இந்த மாசம் எதை விட்டீங்க?" என்று மிஸ் கேட்டாள்.

ஹாசிமுக்கு அப்போதுதான் விளங்கியது.

பெருநாள் கழிந்து முதல் பஸ் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கிப் பழத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"திண்டு காட்டுங்க நானா."

"எனக்குச் சீனி வருத்தம், மகள். நீங்க ஒரு துண்டு திண்டு பாருங்களன்."

"விக்கிறவரே தின்னப் பயப்புடுறார்!" என்றாள் அவள், பின்னால் நின்றவர்களிடம். எல்லோரும் அடுத்த கடைக்கு நடந்தார்கள். பழம் வெயிலில் குவிந்து கிடந்தது. வீட்டில் அடுப்பு எரிவதும் அந்தப் பழத்தால்தான்.

அடுத்த பஸ் ஹோர்ன் அடித்தது. ஹாசிம் டின்னைத் திறந்து, ஒரு பிடி விதையை வாயில் போட்டு அவசரமாக மென்றார். பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தைப் பிளந்து கடித்தார்.

"நல்ல இனிப்பு," என்றார், துணி சுற்றிய காலை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டு.

"அப்ப அந்த மற்றப் பழத்தையும் திண்டு காட்டுங்க," என்றார் பஸ்ஸில் வந்த ஒருவர்.