அடுப்புக்கு அடியில் இருந்த தோடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு வாக்கில், இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த காலம். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அடிதடிக் கேஸில் நுவரெலியா கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டு வந்திருந்தேன். "ஆமாங்க", "இல்லீங்க" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்தில் சட்டம் தெரிந்தவன் நான்தான் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எனக்கு மட்டும்தான் இருந்தது.

அப்போது எங்களுக்குக் குடியிருக்க அந்த லயத்திலேயே வேறு காம்பிரா, வேறு ஒற்றை அறை, கொடுத்தார்கள். அதிலிருந்த குடும்பத்தைப் பத்துச்சீட்டு கொடுத்து, வேலையை விட்டு நீக்கி, தோட்டத்தை விட்டே அனுப்பியிருந்தார்கள். உடைந்த அடுப்பைப் புதிதாகப் போடலாமென்று தோண்டினால், மண்ணுக்குள் ஒரு தகர டப்பா. புதையலுக்குப் பூதம் காவல் இருக்குமே! மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். டப்பாவைத் திறந்தது என் மனைவிதான். உள்ளே ஒரு ஜோடித் தோடு, மூக்குத்தி, மெல்லிய சங்கிலி.

"முன்ன இருந்த அக்காவோடதா இருக்கும். வாச்சர் நின்னு வெரட்டுனப்ப தோண்ட முடிஞ்சிருக்காது. பேசாம வச்சிருப்போங்க, தேடி வருவாங்க" என்றாள்.

"ஒனக்கு என்னா தெரியும்? காம்பிரா தோட்டத்துது, மண்ணு தோட்டத்துது, மண்ணுக்குள்ள இருக்கிறதும் தோட்டத்துதுதான். வச்சிருந்தா களவுக் கேஸு!"

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்ததும் ஆபீசுக்குப் போய், அதையே பெரிய கிளாக்கரிடமும் விளக்கிச் சொல்லி டப்பாவைக் கொடுத்தேன். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரையே வெளியே வந்து என் தோளைத் தட்டினார். அந்தத் தோளை ஒரு வாரம் தேய்த்துக் குளிக்கவில்லை.

சில மாதம் கழித்து லிந்துலைக் கடைவீதியில் ஒரு பெண் என்னை மறித்தார்.

"அண்ணே, எங்க காம்பிராவுல இப்ப நீங்கதானாமே? மகளுக்குச் சம்பந்தம் பேசியாச்சு. அடுப்புக்கு அடியில ஒரு டப்பா வச்சிருந்தேன். சங்கிலிக் கொக்கி ஒடஞ்சு சிவப்பு நூலால கட்டியிருக்கும்..."

சிவப்பு நூல்தான். நானே பார்த்தேன். நீக்கப்பட்டவர் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பொலிசில் கொடுப்பார்கள். அதனால் அவரைத் தேத்தண்ணிக் கடையில் உட்காரவைத்துவிட்டு நானே ஆபீசுக்கு ஓடினேன்.

பெரிய கிளாக்கர் சிரித்தார். "ஏன்டா, தோட்டத்து மண்ணுல கெடச்சது தோட்டத்துதுன்னு நீதானே சொன்ன? இப்ப எவளோ கேக்குறான்னு தூக்கிக் குடுக்கவா?"

என் சட்டத்தையே எனக்குப் படித்துக் காட்டினார். "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். கோர்ட்டில் பழகிய வார்த்தையல்லவா?

தேத்தண்ணிக் கடைக்கு வெறுங்கையோடு திரும்பினேன். அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீங்க களவாண்டீங்களா என்னா? நேர்மையாத்தான் செஞ்சிருக்கீங்கண்ணே" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். கல்யாணம் நடந்ததா என்று விசாரிக்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

என்னைப் பற்றி நானே ஆயிரம் கேலி பேசுவேன். இதைச் சொல்லும்போது மட்டும் பாதியில் சிரிப்பு நின்றுவிடுகிறது: அன்றைக்கு நான் கொஞ்சம் கள்ளனாக இருந்திருந்தால், அந்தத் தோடு உரியவள் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.