போளூர் ஸ்டேஷன் வாசலில் எடுத்த போட்டோ

புதுப் போர்வைக்கு ஒரு வாசனை உண்டு. கஞ்சியும் சாயமும் கலந்து மூக்கை லேசாக அரிக்கும். மலை இறங்கிய பஸ்ஸின் தலைசுற்றல் அடங்குவதற்குள் தலையில் ஒரு போர்வைக் கட்டு... அந்த நாள் எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஜமுனாமரத்தூரில் எங்கள் பள்ளிக்கூடம். சமூக அறிவியல் எடுத்த நஸீமா டீச்சருக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. போளூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் மலையேறி வருவார். வரும் வழியில் ரயில்வே ஸ்டேஷன் சுவரை ஒட்டிப் படுத்திருப்பவர்களைப் பார்ப்பாராம். ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவர்களைப் பற்றிப் பேசினார். வீடு இல்லாதவர்கள் என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. மலையில் ஒரு வீடு விழுந்தால் பங்காளி வீட்டில் படுத்துக்கொள்வார்கள். ஊரே சேர்ந்து சுவர் எழுப்பும். கோமதிதான் எழுந்து கேட்டாள்.

"அவங்களுக்கு ஊருகூடவா இல்ல மிஸ்?"

டீச்சர், சந்தையில் கடை போட்டு, வரும் காசில் அவர்களுக்குப் போர்வை வாங்கலாமா என்று கேட்டார்.

கடை போட்டோம். வீட்டுக்கு வீடு கொஞ்சம் சாமை கொடுத்தார்கள். நெல்லிக்காய் நாங்களே பறித்தது. கோமதி எடை போடுவாள், நான் பொட்டலம் கட்டுவேன். கீழேயிருந்து வந்த ஒரு புளி வியாபாரி, மலைக்காரர்கள் எப்போதிலிருந்து கீழ்நாட்டுக்குத் தர்மம் பண்ண ஆரம்பித்தீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு நெல்லிக்காய் வாங்கிக்கொண்டுதான் போனார்.

போளூரில் துணிக்கடைக்காரர் விலையைக் குறைத்துக் கொடுத்தார். பதிலுக்குக் கடை பெயர் போட்ட ஒரு பேனரோடு ஒரு போட்டோகிராபரை எங்களோடு அனுப்பினார். படத்தை பிரேம் போட்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்கே தருவதாகவும் சொன்னார்.

ஸ்டேஷன் வாசலில் தார்ப்பாய் கட்டிச் சில குடும்பங்கள் இருந்தன. அதில் பாதி கரும்பு வெட்ட வந்தவர்கள். ஒரு வயல் முடிந்து, அடுத்த வயலுக்குக் கூப்பிடும்வரை அங்கே தங்கியிருந்தார்கள்.

அவர்களில் மல்லிகா இருந்தாள்.

தீபாவளி வரை என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஐப்பசி மழையில் அவர்கள் வீட்டுச் சுவர் விழுந்தது. அந்த நேரம் பார்த்து, கரும்பு வெட்ட ஆள் சேர்க்கும் மேஸ்திரி கூப்பிட, சுவரைத் திரும்பி வந்து கட்டிக்கொள்ளலாம் என்று குடும்பத்தோடு இறங்கிவிட்டார்கள். வகுப்பில் அவள் பெயர் வந்தால் கரும்பு வெட்டப் போயிருப்பதாகச் சொல்லுவோம். எங்கே படுக்கிறாள் என்று யாரும் யோசித்ததில்லை.

அவள்தான் என்னை முதலில் பார்த்தாள். பார்த்ததும் அவள் அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீச்சருக்கும் தெரியவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

போட்டோகிராபருக்கு இதெல்லாம் தெரியாதே. "குடுக்கறவங்க இந்தப் பக்கம், வாங்கறவங்க அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டி ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் மாட்டப்போகிறார்கள். மல்லிகா அதில் அந்தப் பக்கம் நின்றால், திரும்ப வகுப்புக்கு வரவே மாட்டாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கோமதி நேராக அவளிடம் போனாள். வகுப்பில் எல்லோரையும் மிரட்டும் அதே குரல்.

"இன்னாடி இங்க வந்து நின்னுனுகீற? கட்டு பிரிக்க ஆளில்ல, வா."

கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வந்ததும் தன்னுடைய பச்சை ஸ்கூல் ஸ்வெட்டரைக் கழற்றி, அவள் தலைவழியே மாட்டிவிட்டாள். கீழே வெயில் கொளுத்துவதால் கழற்றினேன் என்று பிற்பாடு சாதித்தாள். மல்லிகா எங்களுக்கு நடுவில் நின்று, முடிச்சைப் பல்லால் கடித்துப் பிரித்து, ஒவ்வொரு போர்வையாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

வரிசையில் அவள் அம்மா முறை வந்தது.

அந்த அம்மா மகள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு முன்பின் தெரியாத பெண்ணிடம் வாங்குவது போல இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்.

"நல்லா படிம்மா" என்றார்.

போட்டோகிராபர் அப்போதுதான் கிளிக் செய்தார்.

அடுத்த வாரம் டீச்சர் எங்களைக் கூட்டிக்கொண்டு மல்லிகாவின் ஊருக்குப் போய், விழுந்த சுவரை எழுப்பிக் கொடுக்கப் பெரியவர்களிடம் பேசினார். சனிக்கிழமைகளில் நாங்களும் மண் சுமந்தோம். சந்தைக் கடை மல்லிகா வீட்டுக் கூரைக்காகத் தொடர்ந்தது. பொங்கல் கழிந்து மல்லிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படம் ஹெட்மாஸ்டர் அறையில் தொங்கியது. போர்வை வாங்கும் அம்மா யார் என்று எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு ரகசியம் தங்கியது அந்த ஒரு தடவைதான்.

இப்போது நான் வேலூரில் ஒரு ஆபீஸில் இருக்கிறேன். மார்கழி வந்தால் ஆபீஸ் குரூப்பில் போர்வைக்குப் பணம் கேட்பார்கள். போனிலேயே அனுப்பிவிடுவேன். யாரோ வாங்கி, யாரோ கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மறுநாள் போட்டோ வரும். குறை சொல்லவில்லை, குளிருக்குப் போர்வை போய்ச் சேர்ந்தால் சரி. ஆனால் ஒவ்வொரு படத்திலும் என் கண் முதலில் வாங்குகிறவர்கள் பக்கம்தான் போகிறது. அங்கே எனக்குத் தெரிந்த முகம் இருக்காது. இருந்தாலும் பார்க்கிறேன்...

போன மாதம் கோமதி அந்தப் பழைய படத்தை எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். பத்தாம் வகுப்பில் வந்து சேர்ந்த சரவணனுக்கு விஷயம் தெரியாது. மல்லிகா யாருக்குப் போர்வை கொடுக்கிறாள் என்று கேட்டுவிட்டான். பேச்சை மாற்ற என்ன அனுப்பலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள், இப்போது கணியம்பாடி பக்கம் நர்ஸாக இருக்கும் மல்லிகாவிடமிருந்தே பதில் வந்தது.

"எங்கம்மாவுக்கு. நான் போட்டுனுகீற ஸ்வெட்டரு கோமதியோடது."